ஆறாயிரம் அடி

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது:
‘கடலோடு உங்களுக்குள்ள முன்னனுபவம்.’
குன்னூர் நகராட்சியில் துப்புரவு ஆய்வாளர் என்று
முதல் பக்கத்திலேயே எழுதியாகிவிட்டது.
மூன்று நாள் காலியாக விட்டுவைத்து
நான்காம் நாள் நிரப்பினேன்:
‘எழுபத்து மூன்றில் தலைமன்னாரில்
கப்பலேறி வந்தவர் என் அப்பா.
வழியெல்லாம் வாந்தி எடுத்தாராம்.’
இடம் கிடைத்துவிட்டது.

நீடித்த கடல்வளத் தலைமைத்துவம்,
முதுநிலை, பகுதிநேரம், இரண்டரை ஆண்டு,
கூட்டுறவுச் சங்கக் கடன் தனி.
அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.
‘தலைமைன்னா,
நீ சொன்னா கடல் கேக்குமா?’

செவ்வாயும் வியாழனும் இரவு எட்டுக்கு வகுப்பு.
வீட்டில் சிக்னல் நிற்பதில்லை.
குப்பைக் கிடங்கின் எடைமேடை அறையில்தான்
நாலு கோடும் முழுசாய் வரும்.
அங்கே யாரும் ஏறாதபோதும்
சிவப்பு எண்ணில் இருபது கிலோ காட்டும்.
பனியோட எடை மேடம், என்பான்
லாரி ஓட்டும் மாரிதாஸ்.

முதல் வகுப்பில்
அவரவர் கடலின் வாசனையைக் கேட்டார்கள்.
டீசலும் சங்குச் சதையும் என்றார்
தூத்துக்குடியில் இழுவைக் கப்பல் ஓட்டும் ஜெரோம்.
ஐஸ் என்றாள் இறால் ஏற்றுமதி ஷாஹிதா.
ஐஸுக்கு ஏது வாசனை?
காயல்பட்டினம் வந்து பாருங்க, என்றாள்.
என் முறை வந்தது.
ஜன்னலுக்கு வெளியே
மழையிலும் அணையாமல்
கிடங்கு புகைந்துகொண்டிருந்தது.
மைக் வேலை செய்யவில்லை என்று
எழுதி அனுப்பினேன்.

‘உங்கள் கரையை அளந்து வாருங்கள்.’
முதல் ஒப்படைப்பு.
எனக்கிருக்கும் கரை
மார்க்கெட்டுக்குப் பின்னால் குன்னூர் ஆறு.
ஐப்பசி மழையில் பாலத்தடியில் வலை கட்டி
மூன்று மணி நேரம் நின்றோம், நானும் மாரிதாஸும்.
கேரட் கழுவிய சேறு, கோஸ் இலை,
ஷாம்பு சாஷே, ஒற்றைச் செருப்பு,
சோதனைச் சாவடியில் நாங்கள் பிடித்தது போக
மிச்சமான தண்ணீர் பாட்டில்கள்.
எடைமேடையில் இருநூற்றுப் பதினாலு.
பனிக்கு இருபது கழித்து
நூற்றுத் தொண்ணூற்று நாலு.

‘இதில் கடல் எங்கே?’ என்று
ஓரத்தில் கேட்டிருந்தார் பேராசிரியர்.
கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல எழுதினேன்:
மேட்டுப்பாளையம், பவானிசாகர், கூடுதுறை,
முக்கொம்பு, கல்லணை, பூம்புகார்.
‘பாதி வருஷம் காவிரியே
பூம்புகார் போவதில்லையே?’
தண்ணீர்தான் போவதில்லை சார்.
சாஷே மணலில் படுத்திருக்கும்,
அடுத்த வெள்ளம் வரும்வரை.
அதற்கென்ன அவசரம்.
பி பிளஸ் போட்டார்.

ஞாயிறுதோறும் ஜெரோம் படம் அனுப்புவார்,
புரொப்பெல்லரில் சிக்கியது எதுவோ அது.
‘உங்க ஊரா?’
திருநெல்வேலி அல்வாப் பை.
சிங்கள எழுத்தோடு ஒரு உறை,
அப்பா கண்ணாடி போட்டுப் படித்து
‘இஞ்சி பிஸ்கட்’ என்றார்,
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
எழுத்தே அழிந்துபோன ஏதோ ஒன்று.
இதுவரை குன்னூர் வரவில்லை.
இல்லை என்று பதில் போடும்போது
நிம்மதியா ஏமாற்றமா, தெரியவில்லை.
எழுத்தழிந்ததை மட்டும்
தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மே மாதம் ஒரு வாரம் நேரடி வகுப்பு, மண்டபத்தில்.
கப்பலிறங்கி அப்பா
பத்து நாள் முகாமில் கிடந்த ஊர்.
மே என்றால் இங்கே சீசன்,
பழக் கண்காட்சி, மலையேறும் வண்டிகள்,
வண்டிக்கு ஒரு மூட்டை குப்பை.
ஆணையர் தந்தது இரண்டு நாள் விடுப்பு,
‘கடல் பார்க்க’ என்ற காரணத்தை அடித்து
‘சொந்த வேலை’ என்று திருத்தி.

கிளம்பும்போது அப்பா நீட்டினார்
இரண்டு எலுமிச்சம்பழம்,
ஒரு பாலித்தீன் பை.
‘வாந்தி வந்தா?’
இதுக்கு அபராதம் ஐந்நூறுப்பா, என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.
பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
பையை மடித்து, இன்னும் சிறிதாய் மடித்து
எங்கே வைத்தார் என்று
நான் பார்க்கவில்லை.